ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978: வலப்பக்கம் சுட்டால் குண்டு அந்தரத்தில் வெடிக்கிறது. ரோம் போய்விட்டதா?

கேள்வி: 5 நவம்பர் 2022

கிளீவ்லண்டில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் கிடந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டி கைக்கு வந்திருக்கிறது; காசு போட்டு, கீழே நகரும் பீரங்கியால் மேலிருந்து இறங்கும் வேற்றுக்கிரகப் படையைச் சுடும் ஆட்டம், அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் வெளியிட்டது. நின்று ஆடும் வகை. ஆட்டம் ஓடுகிறது. ஆனால் திரையில் குறுக்காக மெல்லிய கோடுகள். நடுவுக்குச் சற்று இடப்பக்கம் தொடங்கி வலது ஓரம் வரை, சம இடைவெளியில், ஒன்றன்கீழ் ஒன்றாக மேலிருந்து கீழ்வரை அடுக்கியிருக்கின்றன. கீழே இருப்பவை பச்சை, நடுவில் வெள்ளை, மேலே ஆரஞ்சு. இதைவிட வினோதம் ஒன்று உண்டு. இடப்பக்கம் நின்று சுட்டால் குண்டு ஒழுங்காக மேலே போகிறது. வலப்பக்கம் நின்று சுட்டால் பீரங்கியைத் தாண்டியதுமே வெடித்துவிடுகிறது. கோடு படத்தின் கோளாறாக இருக்கலாம். குண்டு வெடிப்பது ஆட்டத்தின் விதியிலேயே கோளாறு. எனவே நிரல் இருக்கும் ரோம் ஐ.சி. கெட்டுவிட்டது என்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவரோ, எல்லா கண்டென்சரையும் எல்லா ரேமையும் (நினைவக ஐ.சி.க்கள்) ஒரே மூச்சில் மாற்றிவிடு என்கிறார். யார் சொல்வது சரி?

5 நவம்பர் 2022, இரவு

இருவரும் இல்லை. ரோமைத் தொடாதீர்கள் தம்பி. அந்த ஆலோசகரையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இந்த ஆட்டத்தில் படத்துக்கென்று தனி ஏற்பாடு ஏதும் கிடையாது. திரையில் தெரிவது நினைவகம்தான், அப்படியே, ஒளிவு மறைவில்லாமல். 256-க்கு 224 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட், மொத்தம் 7 கிலோபைட். பிட் 1 என்றால் புள்ளி எரியும், 0 என்றால் இருட்டு. பிக்சர் டியூபைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருப்பதால், சாதாரண டி.வி.யில் கிடையாக ஓடும் வரிகள் இதில் செங்குத்தாக நிற்கின்றன. அப்படி 224 நெடுவரிகள், ஒவ்வொன்றும் 32 பைட்.

போர்டில் உள்ள ரேம் 8 கிலோபைட். 4 கிலோபிட் ஐ.சி.க்கள் 16, எட்டெட்டாக இரண்டு அணி. ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளை அணியிலுள்ள எட்டு ஐ.சி.க்களும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளும். முதல் அணியில் முதல் 1 கிலோபைட் நிரலின் சொந்த வேலைக்கு, மீதி 3 கிலோபைட் படத்துக்கு. இரண்டாம் அணியின் 4 கிலோபைட்டும் படத்துக்கே. இப்போது வகுத்துப் பாருங்கள். 3 கிலோபைட்டை 32-ஆல் வகுத்தால் 96. இடது ஓரத்திலிருந்து 96 நெடுவரிகள் முதல் அணிக்கு, மீதி 128 இரண்டாம் அணிக்கு. திரையின் நடு 112. "நடுவுக்குச் சற்று இடப்பக்கம்" என்று நீங்கள் கண்ணால் அளந்து எழுதிய இடம் 96-தான். கோளாறு இரண்டாம் அணியில் இருக்கிறது. அதிலும் ஒரே ஒரு பிட், எப்போதும் 1 என்றே படிக்கப்படுகிறது. எட்டுப் புள்ளிக்கு ஒரு கோடு. எண்ணினால் 32 கோடுகள் இருக்க வேண்டும்.

குண்டு ஏன் வெடிக்கிறது? இந்த நிரல், குண்டு எதிலாவது பட்டதா என்பதைத் திரை நினைவகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. குண்டை வரையும் இடத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தால், பட்டுவிட்டது என்று பொருள். உங்கள் கோடு உங்களுக்குப் படக்கோளாறு. நிரலை ஓட்டும் செயலி ஐ.சி.க்கு (சி.பி.யு.) அது சுவர். குண்டு விதியை மீறவில்லை, விதிப்படியே வெடிக்கிறது.

ரோம் கெட்டிருந்தால் கோளாறு 96-ஆம் நெடுவரியை மதித்து நிற்காது. நிரல் தலா 2 கிலோபைட் வீதம் எச், ஜி, எஃப், ஈ என்ற நான்கு ஐ.சி.க்களில் இருக்கிறது. அதில் ஒன்று கெட்டாலும் பெரும்பாலும் ஆட்டம் தொடங்கவே தொடங்காது, அல்லது சில விநாடிகளில் தன்னைத்தானே மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும்.

6 நவம்பர் 2022

தூங்கப் போகும்போது தோன்றியது. எதிரியின் குண்டுகளுக்கும் இதே சோதனைதான். அப்படியானால் வலப்பக்கம் நிற்கும்வரை உங்களை யாரும் சுட முடியாது. மேலேயே வெடித்துவிடும். நீங்களும் யாரையும் சுட முடியாது. உலகின் ஒரே போர்நிறுத்தப் பதிப்பு உங்கள் வீட்டில் இருக்கிறது. சரிசெய்யும் முன் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

6 நவம்பர் 2022, மாலை

கோடுகளின் நிறத்தைக் கேட்டு ஒருவர் கீழே குழம்பியிருக்கிறார். திரை கறுப்பு வெள்ளைதான். கீழே பச்சை, மேலே ஆரஞ்சு நிறத்தில் வண்ணத்தாள் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேலே ஊர்ந்து போகும் பறக்கும் தட்டுக்குத் தனி நிறம், கீழே அரண்களுக்கும் பீரங்கிக்கும் தனி நிறம். ஒரே வெள்ளைக்கோடு எந்தத் தாளுக்குப் பின்னால் விழுகிறதோ அந்த நிறம். சிக்கனத்துக்குப் பெயர்போன தந்திரம்.

8 நவம்பர் 2022

எந்த ஐ.சி. என்று கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி போதும்.

எழுத்துகள் எல்லாம் எட்டுக்கு எட்டு கட்டங்களில், பைட்டின் எல்லையோடு பிசகாமல் உட்கார்ந்திருக்கும். வலப்பக்கக் கீழ் மூலையில் காசு எண்ணிக்கை காட்டும் எழுத்துகளைப் பாருங்கள். கட்டத்தின் அடிவரிசை பிட் 0, அடுத்தது பிட் 1, உச்சி வரிசை பிட் 7. கோடு எந்த வரிசையில் வெட்டுகிறதோ அந்த பிட். பிறகு சர்க்யூட் வரைபடத்தில் இரண்டாம் அணியில் அந்த பிட்டுக்குரிய ஐ.சி. எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிட்வே வரைபடங்கள் தெளிவானவை, ஸ்கேன் செய்த பிரதிகள் எளிதில் கிடைக்கின்றன.

மற்ற சாத்தியங்களையும் திரையே பிரித்துச் சொல்லிவிடும். கோடு இடமிருந்து வலம் முழுவதும் ஓடி, குண்டுகள் மட்டும் ஒழுங்காகப் பறந்தால், ரேம் நல்லது. நினைவகத்திலிருந்து திரைக்குப் போகும் வழியில்தான் பழுது, ஏனென்றால் செயலி அந்தக் கோட்டைக் காணவில்லை. எழுத்துகள் சுத்தமாக இருந்து வேற்றுக்கிரகப் படையும் குண்டுகளும் மட்டும் சிதைந்திருந்தால், பிட்டுகளை நகர்த்தும் சர்க்யூட்டைப் பிடியுங்கள். 8080 செயலி ஒரு கட்டளைக்கு ஒரு பிட்தான் நகர்த்தும். உருவங்களை வேண்டிய உயரத்தில் வரைய அது போதாது. அதனால் அந்த வேலைக்கென்று வெளியே தனிச் சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். எழுத்துகள் அதன் வழியாகப் போவதில்லை.

முதல் அணியில் ஒரு பிட் போயிருந்தால் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வாய்ப்பே இருந்திருக்காது. நிரலின் வேலை இடமே அங்கேதான். ஆட்டம் எழுந்திருக்காது, குப்பைதான் தெரியும். உங்களுக்கு நல்ல நேரம்.

9 நவம்பர் 2022

"எல்லாவற்றையும் மாற்றிவிடு" கட்சியினர் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். சரி, என் தரப்பைச் சொல்கிறேன்.

என்னிடம் உள்ள போர்டு அப்படி "முழுதாகப் புதுப்பிக்கப்பட்ட" ஒன்று. விற்றவர் பெருமையாகத்தான் விற்றார். ரேம் வரிசை முழுக்கப் புதுச் சாக்கெட், அதாவது ஐ.சி.யைச் செருகி எடுக்கும் தாங்கி. திருப்பிப் பார்த்தால், ஈயம் எடுக்கும்போது சூடு அதிகமாகி, செப்புத் தடங்கள் உரிந்து மீசைபோல் எழுந்து நின்றன. சில துளைகளில் உள்பூச்சே வெளியே வந்துவிட்டது. மேல்பக்கத் தடத்துக்கும் அடிப்பக்கத் தடத்துக்கும் தொடர்பு போய்விட்டது. அசல் பழுது ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்கும். அதைச் சரிசெய்யப் போய் அவர் உண்டாக்கிய பழுதுகளைத் தேடுவதற்கே என் குளிர்காலம் போனது. நல்ல ஐ.சி.யை வெளியே எடுப்பது இலவசமல்ல. ஒவ்வொரு காலுக்கும் போர்டு விலை கொடுக்கிறது.

எடுத்தே ஆக வேண்டிய கெட்ட ஐ.சி. என்றால், அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கூர்மையான சிறு வெட்டுக்குறடால் உடலை ஒட்டிக் கால்களை வெட்டிவிடுங்கள். உடலைத் தூக்கி எறிந்த பிறகு, தனித்தனியாக நிற்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடேற்றி இடுக்கியால் உருவலாம். அது தானாக நழுவி வரும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஈயம் உருகவில்லை என்று பொருள். கடைசியில் துளைக்குப் புது ஈயம் கொஞ்சம் கொடுத்து, பிறகு உறிஞ்சுங்கள். பழைய ஈயத்தை அப்படியே உறிஞ்சினால் பாதி உள்ளேயே நிற்கும்.

12 நவம்பர் 2022

இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், குண்டு விவகாரத்தின் சுவாரசியத்தில் பின்னுக்குப் போய்விட்டது: மின்சாரம்.

இந்த ரேம்களுக்கு மூன்று மின்னழுத்தம் வேண்டும்: 12, 5, மைனஸ் 5. 8080 செயலிக்கும் அதே மூன்றும்தான். 11-ஆம் காலில் மைனஸ் 5, 20-இல் 5, 28-இல் 12, 2-இல் எர்த். சப்ளையின் முனையில் அளக்காதீர்கள், செயலியின் காலிலேயே அளந்து பாருங்கள். சப்ளையில் 5.0 இருந்து போர்டில் 4.6 வந்தால், நடுவில் உள்ள கனெக்டர் சாப்பிடுகிறது. 4.75-க்குக் கீழே போனால் ஐ.சி.க்கள் எதற்கும் பொறுப்பல்ல. கனெக்டரின் பின்களைப் பாருங்கள், கருத்திருந்தால் அதுதான்.

மைனஸ் 5 தனிக் கதை. இந்தக் காலத்து டைனமிக் ரேம்களில் மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் வந்துவிட்டால் ஐ.சி. சூடாகி உயிரை விடும். ஒன்று போவதல்ல, வரிசையாகப் போகும். அதனால் புது ரேம் போட்டுப் பார்க்கும் ஆசை வருவதற்கு முன் மைனஸ் 5-ஐ அளந்துவிட வேண்டும். மல்டிமீட்டரை ஏ.சி.க்கு மாற்றி அதே இடங்களில் இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள். 5 வோல்ட் வழியில் ஏ.சி. கணிசமாகத் தெரிந்தால், சப்ளையின் பெரிய கண்டென்சர் வறண்டுவிட்டது.

ஆக, கண்டென்சர் ஆலோசகருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். சப்ளையில் உள்ளவற்றை அளந்து மாற்றலாம். மானிட்டரில் உள்ள எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை நான் அளக்காமலேயே மாற்றிவிடுவேன். பல வருடம் சூட்டில் வெந்தவை அவை, எண்ணிக்கையும் அதிகமில்லை, போர்டும் ஒரே பக்கத் தடம் உள்ள முரட்டு வகை. ஆனால் லாஜிக் போர்டில் ஐ.சி.க்களுக்கு நடுவே நிற்கும் பொடிக் கண்டென்சர்களை என் கையால் மாற்றியதில்லை. அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

12 நவம்பர் 2022, சற்று நேரம் கழித்து

மானிட்டர் என்று எழுதிவிட்டு எச்சரிக்கை சொல்லாமல் விட முடியாது. டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். நீண்ட ஸ்குரூ டிரைவரில் ஒரு கம்பியைக் கட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் எர்த் பின்னலில் மாட்டி, மூடிக்கு அடியில் மெல்ல நுழைக்க வேண்டும். டப் என்று சத்தம் வரும், வராமலும் போகும். சில நிமிடம் கழித்து மறுபடி செய்யுங்கள், கொஞ்சம் மின்னேற்றம் திரும்பி வந்திருக்கும். எண்பதுகளில் சென்னையில் டி.வி. பழுதுபார்க்கும் கடையில் வேலை கற்றபோது, ஈ.எச்.டி. (டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் பகுதி) பக்கம் போனாலே இடது கை பாண்ட் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். பாண்ட் போடாமல் லுங்கியில் வந்த நாட்களில் முதுகுக்குப் பின்னால். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

15 நவம்பர் 2022

டெட்ராய்ட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: மானிட்டரை வெளியே எடுத்து மேசையில் வைத்து ஓட்டினால் எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிகின்றன, டியூபைச் சுற்றியுள்ள காயிலின் கம்பிகளை மாற்றிப் போடட்டுமா?

வேண்டாம் அம்மா. அது அப்படித்தான் இருக்க வேண்டும். மிட்வேயின் நின்று ஆடும் பெட்டியில் ஆடுபவர் டியூபை நேராகப் பார்ப்பதே இல்லை. மானிட்டர் கீழே படுத்திருக்கிறது, சாய்ந்த அரைக்கண்ணாடியில் படம் பிரதிபலிக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் வரைந்து வைத்த நிலாத் தரை தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரிவது இந்த ஏற்பாட்டால்தான். கம்பிகளை மாற்றினால் மேசையில் சரியாகத் தெரியும், பெட்டிக்குள் போனதும் தலைகீழ்ப் பாடம்.

கேள்வி கேட்ட தம்பி பெட்டிக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் வலப்பக்கம் என்று எழுதினார் என்று எடுத்துக்கொண்டேன். மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் என் 96-ஆம் நெடுவரிக் கணக்கு கவிழ்ந்திருக்கும். உறுதிசெய்யவும்.

16 நவம்பர் 2022

கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாராம். வெட்டும் வரிசை, கட்டத்தின் அடியிலிருந்து நான்காவது. அப்படியானால் பிட் 3. அவர் போர்டில் ரேம்கள் சாக்கெட்டில் இருக்கின்றனவாம். அருமை, சால்டரிங் இல்லாமலேயே விசாரணை நடத்தலாம்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டாம் அணியிலேயே பிட் 3-இன் ஐ.சி.யையும் பிட் 6-இன் ஐ.சி.யையும் இடம் மாற்றுங்கள். கோடு ஏழாவது வரிசைக்கு ஏறினால் ஐ.சி.தான் குற்றவாளி, கூடவே போயிருக்கிறது. கோடு நான்காவது வரிசையிலேயே நின்றால் ஐ.சி. நிரபராதி. சந்தேக ஐ.சி.யை முதல் அணிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஆட்டம் படுத்துவிடும், கோடும் இருக்காது, தடயமும் இருக்காது.

நல்ல ஐ.சி.யைக் கெட்டதன் முதுகில் உப்புமூட்டை ஏற்றிப் பார்க்கலாமே என்று ஒருவர். கெட்டதன் வெளியீடு உள்ளே அறுந்திருந்தால் அந்த வித்தை பலிக்கும். 1-இலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே எதை ஏற்றினாலும் கீழே இருப்பவன்தான் ஜெயிப்பான்.

19 நவம்பர் 2022

கோடு நகரவில்லை!

இது எனக்குப் பிடித்த முடிவு. ஐ.சி. நல்லது. சாக்கெட்டின் ஒரு தொடர்பு கருத்து, ஐ.சி.யின் காலைத் தொடாமல் நிற்கிறது. எதோடும் தொடர்பில்லாமல் காற்றில் தொங்கும் உள்ளீட்டை, இந்தப் போர்டில் உள்ள டி.டி.எல். வகை லாஜிக் ஐ.சி.க்கள் 1 என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கோடு எரிகிறது. அணைந்த கோடாக இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஆலோசகரின் வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 16 ரேமையும் மாற்றியிருப்பார். புது ஐ.சி.யை அழுத்திச் செருகும்போது கால் சாக்கெட்டில் உரசி, தொடர்பு தற்காலிகமாக வந்திருக்கும். கோடு போயிருக்கும். "பார்த்தீர்களா, ரேம்தான்" என்று சொல்லி 16 நல்ல ரேமைக் குப்பையில் போட்டிருப்பார். கோடை வந்து போர்டு சூடானதும் கோடு திரும்பி வந்திருக்கும்.

இப்போதைக்கு ஐ.சி.யின் கால்களை மை அழிக்கும் கரடுமுரடான ரப்பரால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, சில முறை செருகி எடுத்தால் ஓடும். நிரந்தர வழி, சாக்கெட்டை மாற்றுவதுதான். காலின் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கும் அந்தக் காலத்து மலிவுச் சாக்கெட்டுக்கு மருந்து கிடையாது. எடுப்பது ஐ.சி.யைவிட எளிது. மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவரால் பிளாஸ்டிக் சட்டத்தை மட்டும் இருபக்கமும் மாறிமாறி நெம்பினால் அது கழன்று வந்துவிடும், பின்கள் போர்டிலேயே வரிசையாக நிற்கும். பிறகு 9-ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன வேலைதான். நெம்பும்போது அடியில் ஓடும் தடத்தைக் கீறாதிருக்க, ஒரு பழைய விசிட்டிங் கார்டை இடையில் கொடுங்கள்.

ஒரு சாக்கெட்டை மட்டும் மாற்றுவதா, வரிசை முழுவதுமா? என் கொள்கைப்படி ஒன்று. ஆனால் ஒரே நாளில் ஒரே ஆலையில் வாங்கிப் பொருத்திய சாக்கெட்டுகள் ஒரே வயதில்தான் சாகும் என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கை பழகியவர் என்றால் வரிசையை மாற்றலாம். பழகாதவர் அதைச் செய்ய வேண்டாம். போதுமா கட்சிக்காரர்களே?

3 டிசம்பர் 2022

சாக்கெட் மாறியது, கோடு போனது, போர்நிறுத்தமும் முடிந்தது. அடுத்த புகார்: படத்தில் ஒரு வளைவு, அலைபோல் பக்கவாட்டில் மெதுவாக ஊர்கிறது.

பக்கவாட்டில் என்று எழுதியதால் பிடிபட்டது. டி.வி.யில் ஃபில்டர் கண்டென்சர் வறண்டால் வளைவு மேலும் கீழும் ஊரும். இதில் டியூப் திரும்பிப் படுத்திருப்பதால் இடமும் வலமும் ஊர்கிறது. ஊர்வதற்குக் காரணம் உண்டு. போர்டுக்குத் துடிப்பு தரும் படிகம் 19.968 மெகாஹெர்ட்ஸ். அதை நான்கால் வகுத்தால் புள்ளி வேகம், அதை 320-ஆல் வகுத்தால் வரி வேகம் 15,600, அதையும் 262-ஆல் வகுத்தால் விநாடிக்கு 59.54 படம். சுவரில் வருவதோ 60. இந்த அரைக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் அலை ஊர்கிறது. இரண்டும் சரியாக ஒன்றாக இருந்தால் ஒரே இடத்தில் நிற்கும், பலர் அதைக் கோளாறு என்றே உணரமாட்டார்கள்.

மானிட்டரின் சப்ளையில் உள்ள பெரிய கண்டென்சரை மாற்றுங்கள். அளவு அதேதான் வேண்டும், தாங்கும் வோல்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, வெப்பத்துக்கு 105 டிகிரி வகை.

சென்னையில் கற்ற கை இங்கே ஏன் கூச்சப்படவில்லை என்பதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நம் ஊர் டி.வி.யின் வரி வேகம் 15,625. வித்தியாசம் வெறும் 25. முதல்முறை இந்தப் பெட்டியைத் திறந்தபோது, மேலே நிலாவும் ராட்சசனும் வரைந்த மரப்பெட்டிக்குள் பழைய கறுப்பு வெள்ளை டி.வி. ஒளிந்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

10 டிசம்பர் 2022

பறக்கும் தட்டின் சத்தம் மட்டும் இல்லை, மற்றவை கேட்கின்றன என்கிறார் தம்பி. இதிலும் பாதி விடை. ஒலிப் போர்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனிச் சர்க்யூட். நிரல் எந்த ஒலியையும் உருவாக்குவதில்லை; சுவிட்சைத்தான் தட்டுகிறது. செயலி வெளியே கட்டளை அனுப்பும் வாயில்களில் (போர்ட்), 3-ஆம் வாயிலின் பிட் 0 பறக்கும் தட்டு, பிட் 1 சுடுதல், பிட் 2 நம் சாவு, பிட் 3 அவர்கள் சாவு. படை நடக்கும் நான்கு தடதடப்புகள் 5-ஆம் வாயிலில். தட்டுக்கு மட்டும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சின் எஸ்.என். 76477 என்ற ஒலி ஐ.சி., மற்றவை ரெசிஸ்டரும் கண்டென்சரும் ஆம்பிளிஃபையரும் சேர்ந்த கைவேலை.

0-வா 1-ஆ என்று காட்டும் லாஜிக் புரோபை வைத்து, தட்டு வரும்போது அந்த பிட் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் நிரல் பக்கம் சுத்தம், 76477-க்கு மின்சாரம் வருகிறதா என்று அடுத்து. அதற்கும் முன்னால், போர்டில் உள்ள வால்யூம் திருகிகளை ஒருமுறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகிவிடுங்கள். பல வருட அழுக்கு. ஐ.சி. தேடி அலைந்தவர்கள் பலர் இந்தத் திருகியில் வந்து முடிந்திருக்கிறார்கள்.

11 டிசம்பர் 2022

திருகிதான்.

2 ஜனவரி 2023

விடுமுறையில் இந்த விவாத இழை எங்கெங்கோ போயிருக்கிறது. ஒவ்வொன்றாக.

23-ஆவது குண்டில் தட்டைச் சுட்டால் 300 புள்ளி என்பது மூடநம்பிக்கை அல்ல. முதல் தடவை 23, பிறகு ஒவ்வொரு 15-க்கும். சீட்டுக் குலுக்கல் ஏதும் இல்லை, சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு பட்டியலைப் பார்க்கிறது நிரல். எண்ணத் தெரிந்தவன் பணக்காரன்.

எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவது யாரோ திட்டமிட்டுக் கூட்டியதல்ல. திரையை ஒருமுறை வரையும் ஒரு படத்துக்கு ஓர் எதிரியைத்தான் நிரல் நகர்த்துகிறது. 55 பேர் இருந்தால் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு விநாடி. ஒருவன் மட்டும் மிஞ்சினால் ஒவ்வொரு படத்துக்கும் அவனே நகர்கிறான். ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் இதை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ, பயமுறுத்தும் அந்த வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்.

8080-க்கு அவர் வந்ததும் நல்ல கதை. அவர் முன்பு செய்த வெஸ்டர்ன் கன் ஆட்டத்தில் செயலி கிடையாது, வெறும் லாஜிக் ஐ.சி.க்கள். அதை அமெரிக்காவுக்கு எடுத்துக்கொண்ட மிட்வே, 1975-இல் 8080 செயலியைப் போட்டு கன் ஃபைட் என்று மறுபடி செய்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்குச் செயலி மீது கண் விழுந்தது.

ஜப்பானில் 100 யென் நாணயத் தட்டுப்பாடு வந்தது என்ற கதையை மட்டும் விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் போன காசை எவனும் பூட்டி வைத்துக் கும்பிடமாட்டான். வாரம் ஒருமுறை அள்ளிக்கொண்டுபோய் வங்கியில் கட்டுவான், அது அடுத்த நாளே சந்தைக்கு வந்துவிடும்.

5 ஜனவரி 2023

"இவ்வளவு பாடு எதற்கு, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் முடிந்தது" என்று எழுதியவருக்கு. வைக்கலாம். போர்டு உடைந்து, ரேமும் இல்லாமல் கிடக்கும் வெறும் பெட்டி என்றால் நானே வைப்பேன். ஆனால் உயிரோடிருக்கும் ஒலிப் போர்டைக் கழற்றாதீர்கள். பழைய பெட்டி ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருள்கூட இந்த ஆட்டத்தின் பல சத்தங்களுக்குப் பதிவு செய்த ஒலித்துணுக்குகளைத்தான் நம்பி வந்திருக்கிறது. அசல் போர்டில் படையின் தடதடப்பு பெட்டியின் மரத்தையே பிடித்து ஆட்டும். கைப்பிடியில் அது தெரியும்.

இதை எழுதிவிட்டு என் பெட்டியைப் போட்டு அரை மணி நேரம் ஆடினேன். வாதத்துக்கு ஆதாரம் சேகரித்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

14 ஜனவரி 2023

தம்பி கடைசியாகக் கேட்ட இரண்டு கேள்விகள். நிறுத்திப் போட்டால் உச்ச ஸ்கோர் பூஜ்ஜியமாகிவிடுவது பழுதல்ல. போர்டில் பேட்டரியே கிடையாது, மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் பல போர்டுகளைப் பேட்டரி கசிந்துதான் அரித்தது.

சிறு சுவிட்சுகள் பற்றி: 3 முதல் 6 வரை எத்தனை பீரங்கி வேண்டும் என்றும், கூடுதல் பீரங்கி 1,000 புள்ளியிலா 1,500-இலா என்றும் அவற்றில் வைக்கலாம். இங்கே ஸ்கோர் போட்டி தொடங்கப் போவதாகப் பேச்சு அடிபடுவதால் சொல்லிவிடுகிறேன்: 3 பீரங்கி, 1,500. சுவிட்சின் படத்தையும் சேர்த்துப் போட வேண்டும். 6 வைத்து ஆடிவிட்டு வருபவர்களின் ஸ்கோர், வலப்பக்கப் போர்நிறுத்தத்தில் எடுத்த ஸ்கோர், இரண்டும் செல்லாது.